குதிரில் அடைபட்ட கொழுப்பு
கொலஸ்ட்ரால் எஸ்டர் ஆராய்ச்சியின் வரலாறு

குருதியில் கொலஸ்ட்ரால் மிகுந்தால் மாரடைப்பு நேரக்கூடும் என்பது இன்று பள்ளி மாணவரும் அறிந்த செய்தியாகும். ஆனால், குருதியில் அது மிகக் குறைவாக இருந்தும், உறுப்புகளில் குவிந்து கிடந்த ஒரு சிறுவனின் வரலாற்றை அறிந்தவர் சிலரே. அதனைக் கூறுமுன் சற்றுப் பின்னோக்கிச் செல்வது முறையாகும்.

பித்தக்கல்லிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட வெண்ணிறப் பொருளுக்குப் பிரெஞ்சு வேதியியல் அறிஞர் செவ்ரல் 1816ஆம் ஆண்டை ஒட்டிக் 'கொலஸ்டரின்' எனப் பெயரிட்டார். கிரேக்க மொழியில் 'கோலே' என்பது பித்தம்; 'ஸ்டீரியோஸ்' என்பது திண்மம். 1859இல் பெர்த்தலோ, அப்பொருளைக் கொழுப்பு அமிலங்களோடு சேர்த்து எஸ்டர்களை ஆக்கி, அது ஆல்கஹால் இனத்தைச் சேர்ந்தது என்று நிறுவினார். எஸ்டர் என்பது ஆல்கஹாலும் அமிலமும் கூடி, நீரை நீக்கிப் பிறக்கும் சேர்மமாகும்.

கொலஸ்ட்ரால் மூலக்கூற்றில் நீரோடு உறவு கொள்ளும் முனை ஒன்றே ஒன்றுதான். அம்முனையைக் கொழுப்பு அமிலம் பற்றிக்கொண்டால் நீருறவு அற்றுப்போகும். ஆகவேதான் உயிரணு தன் தேவைக்கு மிஞ்சிய கொலஸ்ட்ராலை எஸ்டராக்கித் துளிதுளியாகச் சேமிக்கிறது. குருதியில் ஓடும் கொலஸ்ட்ராலிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எஸ்டரே. விளைந்த நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பதை ஒத்த ஏற்பாடு இது. நெல்லை வெளியே எடுக்கும் துளை அடைபட்டால் என்னாகும்? பிற்கால ஆராய்ச்சி இவ்வினாவைச் சுற்றியே வளர்ந்தது.

1888இல் பிராக் நகரத் தாவரவியலார் ரைனிட்சர், கொலஸ்ட்ராலை பென்சாயிக் அமிலத்தோடு சேர்த்து ஓர் எஸ்டரை ஆக்கினார். அது 145.5 பாகையில் உருகிக் கலங்கிய நீர்மமாயிற்று, 178.5 பாகையில்தான் தெளிந்தது. இவ்விந்தையை அவர் ஜெர்மானிய இயற்பியலார் லேமனுக்கு எழுதினார். திரவப் படிகம் என்னும் துறை அக்கடிதத்தோடு தோன்றியது எனலாம். அந்த எஸ்டர் உடலில் காணப்படுவதன்று. எனினும் அதன் உறவினம் மனிதனின் நாளங்களுக்குள்ளேயே இருந்தது.

1910இல் விண்டாஸ், நோயுற்ற பெருந்தமனியை ஆராய்ந்து, இயல்பான தமனியில் இருப்பதைப்போல் இருபது மடங்குக்கும் மேற்பட்ட கொலஸ்ட்ரால் எஸ்டர் அதில் படிந்திருப்பதைக் கண்டார். 1913இல் பீட்டர்ஸ்பர்க் நகரில் அனிச்கோவும் சலாத்தோவும், தூய கொலஸ்ட்ராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்கு ஊட்டினர். அவற்றின் தமனிகளில் கொழுப்பு படிந்தது. முனைவாக்கிய ஒளியில் நோக்கியபோது, அத்துளிகள் படிகம்போல் ஒளிர்ந்தன. ஆயினும் எலிக்கும் நாய்க்கும் அவ்வாறு ஊட்டியவர்கள் அதே விளைவைக் காணவில்லை. புல்லுண்ணும் முயலைக் கொண்டு மனிதனை அளக்கலாமா என்னும் ஐயம் நியாயமானதே. அதனால் அனிச்கோவின் முடிவு பல்லாண்டுகள் உரிய மதிப்பைப் பெறவில்லை.

இனி அச்சிறுவனைக் காண்போம். அமெரிக்க நாட்டின் வர்ஜீனியா மாநிலத்தில், செசப்பீக் விரிகுடாவில் உள்ளது டாஞ்சியர் தீவு. நண்டு பிடிப்பதே அங்குள்ளோரின் முதன்மைத் தொழில். அத்தீவைச் சேர்ந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனின் தொண்டைச் சதைகள் பருத்து, ஆரஞ்சு நிறமாக இருந்தன. அவற்றை ஆய்ந்தபோது, கொலஸ்ட்ரால் எஸ்டர் நிரம்பிய நுரை போன்ற அணுக்கள் காணப்பட்டன. தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பிரெட்ரிக்சன் தீவுக்கே சென்றார். சிறுவனின் தமக்கைக்கும் அதே நிறத் தொண்டை! இருவர் குருதியிலும் கொலஸ்ட்ரால் குறைவு. அடர்த்தி மிகு லிப்போபுரதமோ ஏறத்தாழ இல்லை. பெற்றோரிடம் அது இயல்பின் பாதியளவே இருந்தது. ஆகவே இருவரிடமிருந்தும் குறை இறங்கியிருந்தது தெளிவாயிற்று. சில குடும்பங்களின் வழித்தோன்றல்களே நெடுங்காலம் வாழ்ந்துவந்த சிறு தீவில் இது வியப்பன்று. 1961இல் ஆய்வு வெளிவந்தபோது, நோய் தீவின் பெயரையே பெற்றது.

குருதியில் குறைந்த பொருள் தொண்டையில் குவிந்தது எங்ஙனம்? 1962இல் குளோம்செட், குருதியிலேயே கொலஸ்ட்ராலை எஸ்டராக்கும் நொதியைக் கண்டறிந்தார். பின்னர் 1968இல், அடர்த்தி மிகு லிப்போபுரதம் உயிரணுக்களின் மிகைக் கொலஸ்ட்ராலைப் பெற்று, எஸ்டராக்கிக் கல்லீரலுக்குக் கொண்டு சேர்க்கிறது என்னும் கருத்தை முன்வைத்தார். டாஞ்சியர் நோயாளரிடம் பழுதுபட்டிருப்பது அப்புறவழியே என்பது 1999இல் உறுதியாயிற்று. கொலஸ்ட்ராலை உயிரணுவுக்கு வெளியே தள்ளும் ஏபிசிஏ1 என்னும் புரதத்திற்குரிய மரபணுவில் பிழை இருப்பதை, மூன்று ஆய்வுக் குழுக்கள் ஒரே ஆண்டில் வெளியிட்டன. குதிரின் துளை அடைபட்டதே நோய்.

அப்படியானால் அடர்த்தி மிகு லிப்போபுரதத்தைப் பெருக்கினால் போதுமே என்று மருந்தியலார் எண்ணினர். எஸ்டரை அதிலிருந்து பிற லிப்போபுரதங்களுக்கு மாற்றும் புரதத்தைத் தடுக்கும் டோர்செட்ரபிப் என்னும் மருந்து, 15,000க்கும் மேற்பட்டோரிடம் சோதிக்கப்பட்டது. நல்ல கொழுப்பு எனப்படுவது 72 விழுக்காடு உயர்ந்தது. ஆனால் மருந்தை உண்டோரில் 93 பேரும், உண்ணாதோரில் 59 பேரும் இறந்தனர். 2006 டிசம்பரில் சோதனை நிறுத்தப்பட்டது.