காப்பாளர் ஆனந்த குமாரசுவாமி: 1924இன் கொடையும் 1941இன் உரையும்

ஆனந்த குமாரசுவாமி 1877 ஆகஸ்ட் 22 அன்று கொழும்பில் பிறந்தார். தந்தை சேர் முத்து குமாரசுவாமி. தாய் எலிசபெத், ஆங்கிலேயப் பெண்மணி. தந்தை 1879இல் மறைந்ததால் வளர்ந்ததும் படித்ததும் இங்கிலாந்தில். லண்டன் பல்கலைக்கழகத்தில் நிலவியல் கற்று, 1903 முதல் இலங்கைக் கனிமவள ஆய்வின் பணிப்பாளராக இருந்தார். பாறை தேடி ஊரூராக அலைந்தபோதுதான் நலிந்துகொண்டிருந்த கைவினைஞர் குடிகள் அவர் கண்ணில் பட்டன. அதன் விளைவு, 1908இல் 425 படிகள் மட்டுமே அச்சான ‘இடைக்காலச் சிங்களக் கலை’. அந்நூலின் ஒளிப்படங்களில் பெரும்பங்கு அவருடைய முதல் மனைவி எதெல் எடுத்தவை. ஒளிப்படத்தைக் குமாரசுவாமி வெறும் துணைக்கருவியாக மட்டும் கண்டாரா என்பது பின்னால் எழும் கேள்வி.

இவ்வாழ்வை முழுமையாக எழுதியவர் ரோஜர் லிப்சி. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 1977இல் வெளியிட்ட மூன்று தொகுதிகளில் இரண்டு குமாரசுவாமியின் தேர்ந்த கட்டுரைகள். மூன்றாவது வாழ்க்கை வரலாறு. அதைத் தொடாமல் இன்றும் எவரும் இத்துறையில் எழுத முடியாது. லிப்சி வாழ்வைப் படிகளாக அடுக்குகிறார். கைவினைக்காகவும் சுதேசியத்துக்காகவும் வாதாடிய இளைஞர், அடுத்து கலை வரலாற்றறிஞர், 1932ஐ ஒட்டி மெய்ப்பொருள் நாடிய முதிர்ந்த சிந்தனையாளர். எழுத்துகளை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த அடுக்கு பொருந்தும். ஆனால் குமாரசுவாமி முப்பது ஆண்டு சம்பளம் வாங்கிய வேலை எழுத்து அன்று, காப்பாளர் பணி. லிப்சியின் அடுக்கில் அந்தப் பணி மேல்மாடிக்கு ஏறும் படிக்கட்டாகச் சுருங்கிவிடுகிறது.

காப்பாளர் பணி பொஸ்டனில் தொடங்கியதும் அன்று. 1910–11 அலகாபாத் கண்காட்சியில் கலைப் பகுதியை அமைத்தவர் அவரே. அபனீந்திரநாத் தாகூர் வட்டத்தின் புதிய ஓவியங்களுக்காக அவர் வாதாடினார். அதே மூச்சில் ரவி வர்மாவைத் தாக்கினார். அந்தத் தாக்குதலில் நியாயத்தைவிடக் காரமே மிகுதி. அக்காலத்தில் தேடிச் சேர்த்த ராஜபுத்திர ஓவியங்களைக் கொண்டு காசியில் ஒரு தேசிய நூதனசாலை அமைக்கலாம் என்றார், பணம் திரளவில்லை. தொகுப்பைக் கலைச் சேகரிப்பாளர் டென்மன் ராஸ் வாங்கி பொஸ்டன் நுண்கலை நூதனசாலைக்கு வழங்க, 1917இல் குமாரசுவாமி அங்கேயே இந்தியக் கலைப் பிரிவின் காப்பாளரானார். அமெரிக்காவில் அப்படியொரு பதவி அதுவே முதல்.

இனி 1924. நியூயோர்க்கின் ஒளிப்படக் கலைஞர் அல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 27 படங்களைப் பொஸ்டனுக்குக் கொடையாக அளித்தார். கேட்டு வாங்கியவர் குமாரசுவாமி. பேச்சு முந்தைய ஆண்டே தொடங்கியிருந்தது. ஒளிப்படத்தைக் கலைப்பொருளாகவே ஏற்ற முதல் அமெரிக்க நூதனசாலைகளுள் ஒன்றாகப் பொஸ்டன் ஆனது இப்படித்தான். அப்படங்கள் இந்தியக் கலையும் அல்ல, ஆசியக் கலையும் அல்ல. அவர் பொறுப்பின் எல்லைக்கு வெளியே உள்ளவை. எடுத்தவரும் அப்போது உயிரோடு இருந்தார்.

இதற்கு நேர் எதிரே நிற்கிறது 1941 மே மாத உரை. கொலம்பஸ், டெட்ரோயிட் நகரங்களில் அமெரிக்க நூதனசாலைச் சங்கத்தார்முன் நிகழ்த்திய அவ்வுரையில், வாழும் கலைஞர்களின் படைப்புகளை நூதனசாலை காட்சிக்கு வைக்கத் தேவையில்லை என்றார். அவை உடனே அழியும் ஆபத்தில் இல்லை. வைத்தால், அது வியாபாரிக்காகச் செய்யும் விளம்பரமே ஆகும் என்பது வாதம். லிப்சியின் படிக்கட்டுக் கணக்கின்படி இதற்கு விடை எளிது: 1924இல் நவீனர்களோடு உறவாடியவர், 1932க்குப் பிறகு மனம் மாறிவிட்டார்.

அந்த விடை வசதியானது; சரியானதாகத் தோன்றவில்லை. உரையின் மறுப்பு இரண்டு நிபந்தனைகளின்மேல் நிற்கிறது: அழிவின் ஆபத்து, வியாபாரியின் ஆதாயம். அவ்விரண்டையும் 1924க்குப் பொருத்திப் பார்க்கலாம். ஸ்டீக்லிட்ஸின் ‘291’ காட்சிக்கூடம் 1917இல் மூடப்பட்டது. அடுத்த கூடத்தை அவர் திறந்தது 1925இன் இறுதியில். கொடை நிகழ்ந்தபோது அவருக்கென்று சொந்தக் கூடம் இல்லை. படங்கள் விலைக்கு வந்தவையும் அல்ல. நூதனசாலை யாருடைய சரக்கையும் விளம்பரப்படுத்தவில்லை. ஆபத்தைப் பொறுத்தவரை, ஒளிப்படங்களை அச்சிட ஸ்டீக்லிட்ஸ் விரும்பிய பிளாட்டினத் தாள் முதல் உலகப் போரோடு அருகிப்போனது. பழைய படிகளைப் போல மீண்டும் அச்சிடுவது எளிதாக இல்லை. ஆக, 1941இல் வகுத்த விதி 1924இன் செயலைக் கண்டிக்கவில்லை. குமாரசுவாமி அவ்விதியை முன்கூட்டியே மனத்தில் கொண்டிருந்தார் என்று இதனால் நிறுவிவிட முடியாது; மனமாற்றம் என்ற விளக்கம் கட்டாயமில்லை என்று மட்டும் சொல்லலாம். 1908இன் நூலும் இப்பக்கமே சாய்கிறது. அழியும் நிலையில் இருந்த கைத்திறனைப் பதிவு செய்யவே அதுவும் எழுந்தது.

அதே உரையின் மறுபாதி, பொருளை அதன் பயனிலிருந்து பிரித்துப் பார்க்கக் கூடாது என்பது. இதைச் சோதித்துப் பார்க்கக் கிழக்கிலங்கையை விட ஏற்ற களம் இல்லை. கந்தளாயை அடுத்த பாலமோட்டையில் கிடைத்த தமிழ்ச் சாசனம் மன்னன் முதலாம் விஜயபாகுவின் 42ஆம் ஆட்சியாண்டைக் குறிக்கிறது. விசயராச சதுர்வேதிமங்கலம் எனப் பெயர் பெற்றிருந்த கந்தளாயில், தென்கயிலாசம் என்ற சிவாலயத்துக்கு, நங்கைசானி என்ற பிராமணப் பெண் கணவனின் புண்ணியத்துக்காக அளித்த அறக்கொடையை அது பதிகிறது. அறத்துக்குக் காவல் வேலைக்காரர் எனப்பட்ட படைப்பிரிவு. ஆட்சி 1055இல் தொடங்கியதாகக் கொண்டால் சாசனம் 1097ஐ ஒட்டி வரும். முடிசூட்டிலிருந்து எண்ணினால் 12ஆம் நூற்றாண்டுக்குள் இறங்கும். இவற்றில் எது என்று சாசனம் சொல்லவில்லை. எப்படியாயினும், இப்பகுதியில் கோயிலும் பூசையும் கொடையும் ஒரே ஏற்பாடாக இயங்கியதற்கு அது நேர்ச்சான்று.

பொலன்னறுவையில் தொல்லியலாளர் பெல் அகழ்ந்தெடுத்த சைவப் படிமங்களோ, அத்தகைய ஏற்பாட்டிலிருந்து பிரிந்து, கொழும்பு நூதனசாலைக்குப் போயின. 1914இல் அவற்றை விவரித்துப் பட்டியலிட்டவர் குமாரசுவாமியே. 1620களில் போர்த்துக்கேயர் இடித்த, திருகோணமலையின் திருக்கோணேச்சரக் கோயிலின் படிமங்களோ மண்ணுக்குள் கிடந்து 1950இல் கிணறு தோண்டும்போது வெளிப்பட்டன. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி ஆகியவை அவற்றுள் அடங்கும். அவற்றைக் குமாரசுவாமி பார்க்கவில்லை. 1947 செப்டெம்பர் 9 அன்றே நீதமில் காலமாகியிருந்தார். பதவிப் பெயர் 1933இல் ஆய்வாளர் என மாறியபோதும், இறுதிவரை பொஸ்டன் நூதனசாலையை விட்டு அவர் நீங்கவில்லை.

பொஸ்டன் படங்கள் சட்டத்துக்குள்ளும் கொழும்புப் படிமங்கள் கண்ணாடிக்குள்ளும் இருக்கின்றன. திருகோணமலைப் படிமங்கள் கோயிலுக்கே திரும்பின; புதுப்பித்த கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு நடந்தது. குமாரசுவாமி 1941இல் வைத்த அளவுகோலின்படி இம்மூன்றில் நூதனசாலை தேவைப்படாதவை திருகோணமலைப் படிமங்கள் மட்டுமே.