பண்ணையில் குதிரையைத் தவிர

அமெரிக்காவில் விடுமுறைக்கு மாட்டுப் பண்ணைக்குப் போய்த் தங்குவது பழைய வழக்கம். டகோட்டாவில் 1879இல் பண்ணை வைத்த ஈட்டன் சகோதரர்களின் வீட்டில் நண்பர்கள் வாரக்கணக்கில் தங்கினார்கள். செலவு கட்டுப்படியாகாமல் 1882இல் பணம் வாங்க ஆரம்பித்தார்கள். குதிரைச் சவாரியோடு வேட்டையும் பண்ணை வேலையும் விருந்தாளிகளுக்குப் பொழுதுபோக்கு.

அதே வட்டாரத்தில்தான் பின்னாளில் ஜனாதிபதியான தியடோர் ரூஸ்வெல்ட்டும் பண்ணை வைத்திருந்தார். 1884 பிப்ரவரி 14இல் அவருடைய தாயும் மனைவியும் ஒரே வீட்டில், ஒரே நாளில் இறந்தார்கள். பிறந்து இரண்டே நாளான பெண் குழந்தையை அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு, சில மாதங்களில் டகோட்டாவுக்குப் போனார்.

அங்கே குதிரை ஏறினார், மாடு ஓட்டினார். மற்ற நேரத்தில் ஆற்றைப் பார்த்த தாழ்வாரத்தில் சாய்ந்தாடும் நாற்காலியில் உட்கார்ந்து படித்தார். பண்ணை வாழ்க்கையைப் பற்றி எழுதிய புத்தகம் 1885இல் வெளிவந்தது. 1886இல் படகுத் திருடர்களைத் துரத்திப் பிடித்தபோதும் கையில் டால்ஸ்டாயின் 'அன்னா கரேனினா' இருந்தது.

1913இல் வந்த அவருடைய சுயசரிதையில் அந்த மனைவியின் பெயர்கூட இல்லை. வாய்விட்டுச் சொல்ல முடியாத துக்கத்தோடு சும்மா உட்கார ஓர் இடம் வேண்டியிருந்தது. பண்ணை அதைக் கொடுத்தது.