ஐ.சி.எஃப். (பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை)

இந்திய ரயில்வேக்குச் சொந்தமான பயணிகள் பெட்டித் தொழிற்சாலை. முழுப்பெயர் இன்டெக்ரல் கோச் ஃபேக்டரி, சென்னைக்காரர்களுக்கு ஐ.சி.எஃப். 1955 அக்டோபர் 2 அன்று பெரம்பூரில் ஜவாஹர்லால் நேரு திறந்துவைத்தார்.

தொழில்நுட்பம் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது. சூரிச் அருகே ஷ்லீரனில் ரயில் பெட்டியோடு லிஃப்டும் செய்துகொண்டிருந்த நிறுவனத்துடன் 1949-இல் ஒப்பந்தமானது. அதற்கு முந்தைய பெட்டிகள் பெரும்பாலும் இரும்புச் சட்டத்தின்மேல் மரக்கூடு ஏற்றியவை. விபத்து நேர்ந்தால் ஒரு பெட்டி இன்னொன்றுக்குள் புகுந்து உள்ளே இருப்பவர்களை நசுக்கிவிடும். ஷ்லீரன் வடிவமைப்பில் அடிச்சட்டம், பக்கச்சுவர், கூரை எல்லாம் எஃகுத் தகடால் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு, முழுப்பெட்டியே ஒரு குழாய்போலப் பாரம் தாங்கும். மோதலின் வேகத்தைப் பெட்டியின் முனைகள் வாங்கிக்கொள்ளும். எடையும் குறைவு. 'இன்டெக்ரல்' என்ற பெயருக்குக் காரணம் இந்த ஒட்டுமொத்தக் கட்டுமானம்தான்.

தொடக்கத்தில் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளின் கூடு மட்டுமே இங்கே தயாரானது. இருக்கை, விளக்கு, விசிறி பொருத்தும் பிரிவு 1962-இல் வந்தது. பின்னர் மீட்டர் கேஜ் பெட்டிகளும் மின்தொடர் வண்டிகளும் சேர்ந்தன. 1970-களின் தொடக்கத்தில் தைவானுக்குப் பெட்டிகள் ஏற்றுமதியாயின.

தொழிற்சாலையின் வரலாற்றை அறிய பெரம்பூருக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் இடையிலுள்ள உச்சிப்புளி நிலையத்தில் நின்றாலும் போதும். 2007-இல் அகலப்பாதை வரும்வரை இங்கே மீட்டர் கேஜ் வண்டிகள் ஓடின; அதன்பிறகு ஐ.சி.எஃப். வகை நீலப் பெட்டிகள் வந்தன, இப்போது எல்.எச்.பி. பெட்டிகள் வருகின்றன.

எல்.எச்.பி. ஜெர்மானிய வடிவமைப்பு. அந்தப் பெட்டிகள் 2000-ஆம் ஆண்டையொட்டி இந்தியாவுக்கு வந்தபோது, அவற்றை உருவாக்கிய நிறுவனம் பிரான்ஸின் அல்ஸ்டாம் கையில் இருந்தது. சென்னை மெட்ரோவின் முதல் 42 வண்டிகளும் அல்ஸ்டாம் தயாரிப்பே. அவற்றில் ஒன்பது பிரேசிலிலிருந்து வந்தன. மற்றவை ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டி ஆலையில் செய்யப்பட்டன. பெரம்பூரில் இப்படியொரு ஆலை இருக்க, அதன் ஊருக்கே மெட்ரோ வண்டி வெளியிலிருந்து வந்தது வேடிக்கைதான்.

ஐ.சி.எஃப். வகையின் கடைசிப் பெட்டி 2018 ஜனவரியில் வெளியேறியது. அதற்குள் 50,000-க்கும் மேற்பட்ட பெட்டிகள் தயாராகியிருந்தன. மூல நிறுவனமான ஷ்லீரன் ஆலையோ 1985-இலேயே மூடப்பட்டுவிட்டது. அதே 2018-இன் இறுதியில் 'டிரெயின் 18' என்ற வண்டி பெரம்பூரிலிருந்து வெளிவந்தது; 2019 பிப்ரவரியில் வந்தே பாரத் என்ற பெயரில் புதுதில்லிக்கும் வாராணசிக்கும் இடையே ஓடத் தொடங்கியது. பெருமையாகப் பேசப்படுவது அந்த வண்டிதான் என்றாலும், இத்தொழிற்சாலையின் பெரிய சாதனை அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சாதாரண மக்களைச் சுமந்த அந்த எளிய பெட்டியே.

1964 புயலில் தனுஷ்கோடி அழியும்வரையும் அதன்பிறகும், ரயிலும் கப்பலுமாகச் சென்னையிலிருந்து கொழும்பு செல்லும் போட் மெயில் பயணிகள் உச்சிப்புளி வழியாகவே போனார்கள். அந்தத் தொடர்பு 1980-களில் அறுந்தது. ஆனால் 2019 ஜனவரியில் இலங்கையில் கொழும்புக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே உத்தரதேவி புதிய வண்டியாக ஓடத் தொடங்கியபோது, அந்த டீசல் தொடர்வண்டி பெரம்பூரில் செய்யப்பட்டதாக இருந்தது.