வடசேரிக் கோயில் நகைகளும் ஆங்கிலோ-சாக்சன் பொன்னணிகளும்: கல்பதிப்பு முறை ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

நாஞ்சில் நாட்டின் நாகர்கோவிலைச் சார்ந்த வடசேரி, கோயில் நகைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊராகும். தெய்வத் திருமேனிகளுக்கெனச் செய்யப்பெற்ற இந்நகைகள் பின்னர் பரத நாட்டியக் கலைஞர்களின் அணிகளாகவும் பரவின. சிவப்புக் கல்லும் பொன்னும் இணையும் இக்கலையை, இங்கிலாந்தின் கி.பி. 7ஆம் நூற்றாண்டுப் பொன்னணிகளோடு ஒப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வடசேரிச் செய்முறை

வெள்ளித் தகட்டில் உருவம் அமைத்து, கற்களுக்குரிய அறைகள் செய்து, உள்ளே அரக்கு நிரப்புவர். அதன்மேல் கெம்புக் கற்களைப் பதித்து, சுற்றிலும் தங்க ரேக்கை அழுத்திப் பொருத்துவர். ராக்கொடி, ஜடைநாகம், சூரியப் பிரபை, சந்திரப் பிரபை, ஒட்டியாணம் முதலியன இவ்வாறு உருவாகின்றன. அன்னம், மயில், யாளி, மாங்காய் ஆகியவை இவற்றின் அணிக்கூறுகள்.

அரக்கின் பயன்பாடு தொன்மையானது. முதலாம் இராசராசன் காலத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் நகைகளின் கற்களை எண்ணிக் குறிப்பதோடு, சில நகைகளின் நிறையை அரக்கு உட்படக் கணக்கிடுகின்றன. பொன்னின் நிறையை மட்டும் தனியே காட்ட இயலாத அளவுக்கு அரக்கு நகையின் உறுப்பாக இருந்தமை இதனால் பெறப்படும்.

ஆங்கிலோ-சாக்சன் பொன்னணிகள்

1939இல் அகழப்பெற்ற சட்டன் ஹூ புதையலின் தோட்கொக்கிகளும், 2009இல் கண்டெடுக்கப்பெற்ற ஸ்டாஃபோர்ட்ஷயர் புதையலும் இக்கலைக்குச் சிறந்த சான்றுகள். மெல்லிய பொற்சுவர்களால் அறைகள் அமைத்து, தட்டையாக அறுத்த செந்நிறக் கார்னெட் கற்களை அவற்றில் பொருத்தினர். கல்லின் அடியில் கோடுகள் பொறித்த பொற்றகடு வைத்தமையால் ஒளி திரும்பிக் கல் சுடர்ந்தது. பின்னிப் பிணைந்த விலங்குருவங்கள் இவற்றின் தனி இயல்பு.

ஒப்பும் வேறுபாடும்

அறை அமைத்துக் கல் பதிக்கும் கருத்து இரண்டிற்கும் பொது. ஆயினும் சாக்சன் கற்கள் தட்டையாக இணைந்து பரப்பையே நிரப்புகின்றன. வடசேரிக் கற்கள் மேடான முகத்துடன் பொன்னுக்கிடையே தனித்து நிற்கின்றன. ஐரோப்பிய அணிகளின் கார்னெட் கற்களுள் ஒரு பகுதி இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்றதாக வேதியியல் பகுப்பாய்வுகள் கருத இடம்தருகின்றன. அரிக்கமேட்டில் கார்னெட் மணிகள் கிடைத்துள்ளமையும் நினைக்கத்தக்கது. எனினும் இச்சான்றுகள் கல்லின் பயணத்தையே காட்டும். பதிப்பு முறையும் உடன் சென்றது என்பதற்கு இவை சான்றாகா.

முடிவுரை

சாக்சன் பொற்கொல்லரின் செய்முறையை இன்று பொருள்களைக் கொண்டே ஊகிக்க வேண்டியுள்ளது; அவர்தம் பட்டறைச் சொற்கள் மறைந்தன. வடசேரியில் அக்கைத்திறன் இன்னும் வாழ்கிறது. நாகர்கோவில் கோயில் நகைகள் 2007-08இல் புவிசார் குறியீடு பெற்றன. அக்குறியீடு பெயரைக் காக்கும், செய்முறையைக் காக்காது. முலாம் பூசிய மலிவான போலி நகைகள் நாட்டிய அரங்குகளை நிறைக்கும் இக்காலத்தில், கைவினைஞரிடமுள்ள கருவிப்பெயர்களையும் செய்முறைகளையும் பதிவு செய்வது ஆய்வுலகின் உடனடிக் கடமையாகும்.