கொக்கியை எங்கே மாட்டுவது?

மூக்கண்டப்பள்ளி மாதிரி இடங்களில் ஷெட் கூரை மேலே ஏறுகிறவர்களுக்கு முதலில் சொல்லிக் கொடுக்கும் பாடம் ஒன்றுதான்: போல்ட் வரிசை மேலேயே கால் வை. ஜே போல்ட்டுக்கு நேர் கீழே இரும்பு பர்லின் இருக்கும், அது தாங்கும். ரெண்டு வரிசைக்கு நடுவில் இருப்பது வெறும் சிமெண்ட் ஷீட். நம்ம ஊர் தர விதிப்படி 6 மி.மீ. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு பர்லின் இடைவெளி அதிகபட்சம் 1.4 மீட்டர். நாலரை அடி. சாதாரண நடையில் ஒரு எட்டு அவ்வளவு நீளம் போகாது. அதாவது அந்தப் பாடத்தை அப்படியே கடைப்பிடித்து கூரையின் சரிவில் ஏறவே முடியாது. இடையில் ஒரு கால் ஷீட் மேல் பட்டே ஆகணும்.

இந்த ஷீட்டின் கதை ஆஸ்திரியாவில் ஆரம்பிக்கிறது. 1900 வாக்கில் லுட்விக் ஹாட்செக் என்பவர் கல்நாரையும் சிமெண்டையும் சேர்த்து மெல்லிய தகடு செய்யும் முறையைக் கண்டுபிடித்தார். இந்தியாவில் எவரெஸ்ட் கம்பெனி 1934-ல் தொடங்கியது. தமிழ்நாட்டில் ராம்கோ 1967-ல் அரக்கோணத்தில் ஆலை வைத்தது. துருப்பிடிக்காது, விலை குறைவு, தகரத்தைவிட வெயில் கம்மியாக இறங்கும். 1971-ல் சிப்காட் உருவாகி, ஓசூரில் தொழிற்பேட்டை எழுந்து, 1980-ல் அசோக் லேலண்டும் டிவிஎஸ் மொபெட்டும், 1987-ல் டைட்டன் வாட்சும் வெளிவந்தன. பெரிய கம்பெனிகளைச் சுற்றி அவற்றுக்குப் பாகம் செய்யும் சின்ன ஷெட்டுகள் முளைத்தபோது தலைக்கு மேலே இந்த ஷீட்டுதான் வந்தது.

ஷீட்டுக்கு வயசாகும். பாசி பிடிக்கும், ஓரத்தில் விரிசல் விடும். கோடையில் ஆலங்கட்டி மழை அடித்தால் ஓட்டை விழும். வெளிச்சத்துக்காக நடுநடுவே போட்ட ஃபைபர் ஷீட் மேல் தூசி படிந்துவிட்டால் எது சிமெண்ட், எது ஃபைபர் என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஒழுகுகிறது என்றால் யாராவது ஏறித்தான் ஆகணும். ஆக, ஷீட் ரொம்ப பலவீனமாக இருக்கும் நேரத்தில்தான் அதன் மேல் ஆள் ஏறுகிறார்.

சரி, பெல்ட் எதற்கு இருக்கு? பெல்ட்டுக்கும் தனி வரலாறு உண்டு. முதலில் இடுப்பில் கயிறு, அப்புறம் இடுப்புப் பெல்ட். விழுகிற உடம்பை இடுப்பில் மட்டும் பிடித்து நிறுத்தினால் மொத்த அதிர்ச்சியும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும். அமெரிக்காவில் கட்டுமான வேலைக்கு, விழுவதைத் தடுத்து நிறுத்தும் சாதனமாக இடுப்புப் பெல்ட்டை 1998 ஜனவரி 1 முதல் ஏற்றுக்கொள்வதில்லை. இங்கே 1999-ல் திருத்தி வந்த ஐ.எஸ். 3521 தரத்தின் தலைப்பிலேயே பெல்ட்டும் ஹார்னஸும் சேர்ந்தே இருந்தன. தோள், தொடை எல்லாம் சுற்றி வரும் ஹார்னஸையும் நம்ம ஆட்கள் இன்னும் "பெல்ட்" என்றுதான் சொல்கிறார்கள்.

ஆனால் ஹார்னஸ் என்பது பாதிதான். மீதிப் பாதி, அதன் கொக்கி மாட்டுகிற இடம். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் அப்படி ஒரு இடமே கிடையாது. வரைபடத்தில் யாரும் போடவில்லை. ஜே போல்ட்டில் மாட்டினால் போல்ட் பிடுங்கிக்கொண்டு வரும். ஷீட்டை உடைத்து பர்லினில் மாட்டலாம், ஆனால் அங்கே ஒரு கணக்கு இடிக்கிறது. கயிறு 2 மீட்டர். அதிர்ச்சியை வாங்கும் பட்டை பிரிந்து நீள்வது 1.75 மீட்டர் வரை. முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5 மீட்டர். பாதுகாப்புக்கு இன்னொரு மீட்டர். கூட்டினால் கொக்கிக்குக் கீழே 6.25 மீட்டர் காலியாக வேண்டும். ஓரத்தில் 5 மீட்டர் உயரமுள்ள ஷெட்டில், அதுவும் கீழே லேத் மெஷின் நிற்கும்போது, எல்லாம் சரியாக மாட்டியிருந்தாலும் ஆள் அடிபடுவார். 6 மீட்டர் விழ 1.1 நொடிதான் ஆகும், தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 39 கி.மீ. கையை நீட்டி எதையாவது பிடிக்கலாம் என்பதெல்லாம் நடக்காத காரியம்.

இந்த வேலைக்குப் பொருத்தமானவை வேறு இரண்டு. ஒன்று, பல பர்லின்களுக்குக் குறுக்கே போடும் நடைப்பலகை. இன்னொன்று, கூரைக்கு அடியில் கட்டும் வலை. சான் பிரான்சிஸ்கோ கோல்டன் கேட் பாலம் கட்டும்போது அடியில் கட்டிய வலை 19 பேரைப் பிழைக்க வைத்தது. 1937 பிப்ரவரி 17-ல் சாரம் ஒன்று விழுந்து அதே வலையைக் கிழித்ததில் 10 பேர் செத்தார்கள். வலைக்கும் எல்லை உண்டு. ஆனால் அது ஏறுகிறவரின் ஞாபகத்தையும் அவசரத்தையும் நம்பி இருப்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

பலகை பற்றிச் சட்டத்தில் இருந்ததா? இருந்தது. கட்டுமானத் தொழிலாளர் சட்டம் 1996, அதன் 1998 மத்திய விதிகளில் சரிவான கூரை வேலைக்கே தனி அத்தியாயம் இருந்தது, நடைப்பலகை உட்பட. கொக்கி இங்கேதான் மறுபடி நழுவியது. 1948 தொழிற்சாலைச் சட்டம் பொருந்தும் வேலைக்கு இந்த 1996 சட்டம் பொருந்தாது என்று அதன் வரையறையிலேயே எழுதியிருந்தது. தொழிற்சாலை இன்னும் ஓட ஆரம்பிக்காத கட்டுமானத்துக்கு 1996 சட்டம் உண்டு என்று 2016-ல் லான்கோ அன்பாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஷெட் கட்டும்போது ஒரு சட்டம், ஓடும் ஷெட்டில் ஷீட் மாற்றும்போது இன்னொரு சட்டம் என்று இருந்தது. கூரையும் உயரமும் அதேதான். தொழிற்சாலைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு இதை வேலி அல்லது வேறு வழி, அதுவும் நடைமுறையில் இயன்ற அளவுக்கு, என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. 1996 சட்டத்துக்கோ 10 தொழிலாளர் வேண்டியிருந்தது. ஒழுகலை அடைக்க வருவது மேஸ்திரியோடு மூணு பேர்.

"அவங்க கான்ட்ராக்டர் ஆளுங்க" என்பது வழக்கமாக வரும் பதில். 1976 திருத்தத்திலேயே, ஒப்பந்தக்காரர் மூலம், முதலாளிக்குத் தெரிந்தோ தெரியாமலோ வேலைக்கு வந்தவரும் தொழிலாளிதான் என்று சேர்த்துவிட்டார்கள். 1996-ல் ஜே.கே. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில், கம்பெனித் தொழிற்சாலைக்குப் பொறுப்பாளி ஒரு இயக்குநராகத்தான் இருக்க முடியும், மேனேஜரைக் காட்டித் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் பக்கம் சட்டம் கொஞ்சம் கெட்டியாகத்தான் இருந்தது.

2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2020 தொகுப்புச் சட்டம் இந்த ரெண்டு சட்டங்களையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்திருக்கிறது. அதோடு, மின்சாரத்தில் ஓடும் இடத்தைத் தொழிற்சாலை என்று சொல்ல வேண்டிய ஆள் கணக்கு 10-லிருந்து 20 ஆகிவிட்டது. மூக்கண்டப்பள்ளித் தெருக்களில் அந்த ரெண்டு எண்ணுக்கும் நடுவில் ஆள் வைத்து ஓடும் ஷெட்டுகளின் மேலேயும் அதே சிமெண்ட் ஷீட்டுதான்.