சைக்கிளில் எத்தனை வாட்? கணக்கும் கருவியும்

1972 அக்டோபர் 25. மெக்சிகோ சிட்டியில் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கி.மீ. சைக்கிள் ஓட்டி உலக சாதனை படைத்தார். அவர் கால்கள் தந்த சக்தி எத்தனை வாட்? அளக்க அன்று சைக்கிளில் கருவி இல்லை. பின்னால் வந்த ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுத்தான் சொன்னார்கள்.

1986-ல் ஜெர்மனியில் உல்ரிச் ஷோபெரர் எஸ்.ஆர்.எம். நிறுவனத்தைத் தொடங்கினார். மிதிக்கும்போது கிராங்க் பகுதி மிக மிக லேசாக வளையும். அதை அளந்து வாட் சொல்வதுதான் அவர் கருவி.

அப்படியானால் கணக்கு பொய்யா? இல்லை. 1998-ல் ஜேம்ஸ் மார்ட்டின் குழு சூத்திரத்தையும் இந்தக் கருவியையும் ஒப்பிட்டது. பிழை 2.7 வாட் தான்! ஆனால் அவர்கள் காற்றையும் சேர்த்து அளந்திருந்தார்கள்.

சிக்கலே அங்கேதான். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் ஒருவர் 30 கி.மீ. வேகத்தில் போகிறார். எதிர்காற்று 10 கி.மீ. என்றால், காற்றைக் கிழிக்க மட்டும் 78 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும். வேகத்தை மட்டும் பார்க்கும் கணக்குக்கு அந்த உழைப்பு தெரியாது. மலை ஏற்றத்தில் எடைதான் முக்கியம், அதனால் அங்கே பிழை குறைவு. அங்கும் பின்காற்று அடித்தால் கணக்கு ஏமாறும்.

ஏறிய நேரத்தை வைத்து வாட் கணக்கிட்டு, ஒரு வீரர் ஊக்கமருந்து எடுத்தார் என்று சொல்பவர்கள் உண்டு. அதற்கு முன் ஒரு கேள்வி: அன்று காற்று எந்தப் பக்கம்?