அந்தமான் நிக்கோபார் தீவுகளில் இளங்குழந்தைப் பருவ நலத் திட்டங்கள்

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் இளங்குழந்தைப் பருவ நலத் திட்டங்கள் என்பவை, தாய் கருவுற்றது முதல் குழந்தைக்கு ஆறு வயது நிறையும் வரை அரசு வழங்கும் உணவு, மருத்துவம், நிதியுதவி, விடுப்பு, முன்பருவக் கல்வி ஆகியவற்றைக் குறிக்கும். சட்டமன்றம் இல்லாத ஒன்றிய ஆட்சிப் பகுதியாகையால் ஒன்றியத் திட்டங்களின் செலவு முழுவதையும் ஒன்றிய அரசே ஏற்க, அவற்றை நிறைவேற்றும் பொறுப்பு துணைநிலை ஆளுநரின் கீழ் இயங்கும் சமூக நல இயக்ககத்துக்கு உரியதாகிறது. தமிழ்நாடு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின்கீழ் 18,000 ரூபாய் மதிப்பில் உதவி வழங்குவது போலத் தமக்கென ஒரு திட்டத்தைச் சட்டமன்றத்தில் விவாதித்து முடிவெடுக்கும் வாய்ப்பு இத்தீவு மக்களுக்கு இல்லை.

இத்திட்டங்களின் அச்சாணி, 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டமாகும். இணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்குப் பரிந்துரைத்தல், முன்பருவக் கல்வி, தாய்மாருக்கான ஊட்டச்சத்துக் கல்வி ஆகிய ஆறு பணிகளும் தீவுகளில் ஏறக்குறைய 720 அங்கன்வாடி மையங்கள் வழியாக நடைபெறுகின்றன. பொதுவாக 400 முதல் 800 பேருக்கு ஒரு மையமும், பழங்குடிப் பகுதிகளில் 300 முதல் 800 பேருக்கு ஒன்றும், அப்பகுதிகளில் 150 முதல் 300 பேர் வாழும் சிற்றூர்களுக்குக் குறு மையமும் அமைக்கலாம் என்பது ஒன்றிய அரசின் அளவுகோல். தலைகளை எண்ணும் இந்த அளவுகோல் தொலைவை எண்ணுவதில்லை என்பதே அதன் பெருங்குறை. 2011 கணக்கெடுப்பின்படி 3,80,581 பேரே கொண்ட மக்கள்தொகை 30-க்கும் மேற்பட்ட தீவுகளில் சிதறிக் கிடக்க, போர்ட் பிளேருக்கும் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) பெரிய நிக்கோபாரிலுள்ள கேம்பெல் பேவுக்கும் இடையே 500 கிலோமீட்டருக்கும் மேல் கடல் இருக்கிறது. மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் கப்பல் காலந்தாழ்கிறது, அரிசியும் பருப்பும் அதனுடனேயே காத்திருக்கின்றன.

2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும், கருவுற்ற தாய்க்கும் பாலூட்டும் தாய்க்கும் 600 கலோரியும் இயற்றப்பட்டபோது உரிமையாக்கியது. ஆயினும் நிக்கோபாரியரின் மரபுணவு வேறு. தாழை இனத்தைச் சேர்ந்த பெரும்பழத்தை வேகவைத்து, சுளைகளைச் சிப்பியால் சுரண்டி நாரை நீக்கிப் பிசைந்தெடுக்கும் கூழும், தேங்காயும் மீனும் அவர்களுடைய அடுக்களையில் நெடுங்காலமாக இருந்து வருபவை. உள்ளூரிலேயே விளையும் இத்தகைய உணவுக்கு அங்கன்வாடிப் பட்டியலில் உரிய இடம் தருவது, கப்பலை நம்பியிருப்பதினும் நல்ல வழியாகும். கார் நிக்கோபாரில் துஹெட் எனப்படும் கூட்டுக்குடும்பமே நிலத்தையும் தோப்பையும் பொதுவில் வைத்துக்கொண்டு பிள்ளைகளை வளர்த்து வந்தது; 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இழப்பீடும் வீடுகளும் தனிக்குடும்பங்களை அலகாகக் கொண்டு வழங்கப்பட்டதால் அந்தப் பிணைப்பு தளர்ந்தது. பாட்டியும் பெரியம்மாவும் பார்த்துக்கொண்ட குழந்தையைப் பகலில் யார் பார்ப்பது என்ற கேள்வி அங்கே அதன் பிறகே கூர்மையடைந்தது எனலாம்.

நிதியுதவியிலும் விடுப்பிலும் ஏற்றத்தாழ்வு மிகப் பெரிது. தீவுகளில் அரசுப் பணியே முதன்மையான நிலையான வேலை. ஒன்றிய அரசின் விதிகளுக்கு உட்பட்ட பெண் ஊழியருக்கு 180 நாள் மகப்பேறு விடுப்பும், பணிக்காலம் முழுவதற்குமாக 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் உண்டு. பின்னதில் முதல் 365 நாளுக்கு முழு ஊதியமும் எஞ்சியவற்றுக்கு 80 விழுக்காடும் கிடைக்கும். மீன் விற்கும் பெண்ணுக்கும் கூலிவேலை செய்யும் பெண்ணுக்கும் கிடைப்பதோ பிரதம மந்திரி மாத்ரு வந்தனா யோஜனாவின் 5,000 ரூபாய். அதுவும் முதல் குழந்தைக்கு மட்டுமே, இரண்டாவது பெண்ணாகப் பிறந்தால் 6,000 ரூபாய். ஒரே தெருவில் பிறக்கும் இரு குழந்தைகளுக்கிடையே இவ்வளவு தொலைவு இருப்பது நியாயமன்று. தனியார் நிறுவனங்களுக்கும் பொருந்தும் மகப்பேறு நலச் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் விடுப்பை 26 வாரமாக உயர்த்தி, 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடங்களில் குழந்தைகள் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. தீவுகளின் சிறு கடைகளும் விடுதிகளும் பெரும்பாலும் அந்த வரம்புக்குள் வருவதில்லை. வேலைக்குச் செல்லும் தாய்மாருக்கு உண்மையில் பயன்படக்கூடியது, அங்கன்வாடியோடு காப்பகத்தையும் இணைக்கும் பால்னா திட்டமே.

2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு இங்கு ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.3 குழந்தை எனவும், ஐந்து வயதுக்குட்பட்டோரில் ஐந்தில் ஒருவருக்கு மேல் வயதுக்கேற்ற உயரமின்றி இருப்பதாகவும் காட்டியது. பிள்ளைகள் குறைவு, அவர்களிலும் பலர் ஊட்டம் குன்றியவர்கள்.

ஓங்கே, பெரும் அந்தமானியர், ஜாரவா, சென்டினலியர், ஷோம்பென் ஆகிய தொல்குடியினருக்கு மேற்கூறிய முறைமை அப்படியே பொருந்தாது. 1999-இல் ஜாரவாக்களிடையே தட்டம்மை பரவியபோது, வெளியாரின் நெருக்கமே அவர்களுடைய குழந்தைகளுக்குப் பெரும் ஆபத்து என்பது தெளிவாயிற்று. 2004 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட ஜாரவா கொள்கை, அவர்களைப் பொதுச் சமூகத்தில் கலக்கும் முயற்சியைக் கைவிட்டுத் தலையீட்டைக் குறைக்க முடிவு செய்தது. அவர்களின் காட்டை ஊடறுக்கும் அந்தமான் பெருஞ்சாலையின் பகுதிகளை மூடுமாறு உச்ச நீதிமன்றம் 2002 மே மாதத்தில் ஆணையிட்டது. எனினும் அதன் பிறகும் வாகனங்கள் காவலுடன் அணிவகுத்து அவ்வழியே சென்று வந்தன.